மகன் பேசாத எட்டு மாதமும் நான் போன கவுன்சலிங்கும்

மதுரையில் ஒரு குடும்ப ஆலோசனை மையம். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். ஐந்து தடவை போனேன், ஒரு தடவைக்கு 50 நிமிடம், 1,200 ரூபாய்.

மகனுக்கு 32 வயது, பெங்களூரில் வேலை. போன தீபாவளியன்று பெண் பார்க்கும் பேச்சில் ஆரம்பித்த வாய்ச்சண்டை முற்றி, பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான், அப்புறம் போனே எடுக்கவில்லை. முதலில் 14567க்கு அழைத்தேன். முதியோருக்கான இலவச உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். பொறுமையாகத்தான் பேசினார்கள். 2007ஆம் வருடத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம் என்றார்கள். பிள்ளைகள் கைவிட்டு, சோற்றுக்கே வழியில்லாமல் நிற்பவர்களுக்கு அது பெரிய துணை. எனக்குப் பென்ஷன் வருகிறது. "அம்மாவிடம் பேசு" என்று எந்தக் கோட்டாட்சியர் உத்தரவு போடுவார்?

அதற்குப் பிறகுதான் இந்த மையம். ஆலோசகருக்கு என் மகள் வயதுதான் இருக்கும், இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் நாள் முழுக்க நான் அழுதேன், அவர் டிஷ்யூ டப்பாவை நகர்த்தினார், அவ்வளவுதான். இரண்டாம் தடவை, அவனுக்கு நான் அனுப்பிய வாட்ஸ்அப்பையெல்லாம் சத்தமாகப் படிக்கச் சொன்னார். "சாப்பிட்டியா?" "ஏன் பதில் இல்ல?" "அப்பாவுக்கு பிபி ஏறிடுச்சு, உன்னாலதான்." "நான் செத்தாதான் வருவியா?" நான்கும் ஒரே நாளில், மதியத்துக்குள். நாலாவதைப் படிக்க வாய் வரவில்லை. அவரும் எதுவும் சொல்லவில்லை, ஃபேன் சத்தம்தான் கேட்டது.

வாரத்துக்கு ஒன்று போதும், அதில் கேள்வி இருக்கக் கூடாது, கல்யாணப் பேச்சு வேண்டாம், பதில் வராவிட்டால் அடுத்த வாரம் வரை கை வைக்காதீர்கள் என்றார். கேட்க என்னமோ சுலபம், எனக்கு அது விரதம் இருப்பதைவிடக் கஷ்டம். போனைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கோவிலுக்குப் போன நாளெல்லாம் உண்டு. "மாமரம் பூத்திருக்கு" என்று ஒரு படம், இன்னொரு வாரம் தெருநாய் போட்ட குட்டிகள்.

குறை என்றால் வரவேற்பறைதான். அத்தனை பேர் முன்னால் "மகன் பிரச்சினைக்கு வந்திருக்கீங்களே, நீங்கதானே?" என்று வரவேற்பில் இருந்த பெண் உரக்கக் கேட்டது இன்னும் உறுத்துகிறது. ஐந்து தடவைக்கும் சேர்த்து முன்பணம் வாங்குகிறார்கள், இடையில் நின்றால் திரும்பத் தர மாட்டார்கள். ஆலோசகர் என் கணவரையும் கூட்டி வரச் சொன்னார், அவர் வந்தால்தானே.

ஆறாவது வாரம் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது, பிய்ந்துபோன குக்கர் கேஸ்கெட். "இது அஞ்சு லிட்டருக்கா மூணு லிட்டருக்கா?" அஞ்சு என்று மட்டும் அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆலோசகருக்கு ஐந்து நட்சத்திரம், வரவேற்பறைக்கு ஒன்று. போகிறவர்கள் காலை முதல் ஆளாகப் போங்கள், கூட்டம் இருக்காது.