ஜேசிஎல்லோட பல வருஷம் குப்பை கொட்டின அனுபவம்

ஐபிஎம் மெயின்ஃப்ரேம்ல (பெரிய கம்பெனிக் கம்ப்யூட்டர்) பேட்ச் ஜாப் (ஆள் உக்காந்து பாக்காம தானா ஓடுற வேலை) ஓட்டி சம்பளம் வாங்குற ஆளு நான், அதனால அந்த ஜாப்ல எந்த ப்ரோக்ராம் எந்த ஃபைலோட ஓடணும்னு சொல்ற ஜேசிஎல்ல (ஜாப் கன்ட்ரோல் லாங்குவேஜ்) திட்டவும் பாராட்டவும் எனக்கு உரிமை இருக்கு.

முதல்ல திட்டு. 1960கள்ல ஐபிஎம்மோட ஓஎஸ்/360 ஆப்பரேட்டிங் சிஸ்டம் கூட பஞ்ச் கார்டுக்காக வந்த சமாச்சாரம் இது. கார்டு மலையேறி எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னைக்கு அதோட வாரிசான இசட்/ஓஎஸ்லயும் லைன் ரெண்டு ஸ்லாஷ்லதான் ஆரம்பிக்கணும், 71வது இடத்தோட நிறுத்திக்கணும். அதக்கூட பொறுத்துக்கலாம், ஜாப்ல ஒரு ஸ்டெப் (ஒரு ப்ரோக்ராம் ஓடுற கட்டம்) ஓடணுமான்னு முடிவு பண்ற இந்த காண்ட் பாராமீட்டர் இருக்கே, ஊர்ல எல்லா மொழியிலயும் கண்டிஷன் உண்மைன்னா வேலை நடக்கும், இங்க உண்மைன்னா அந்த ஸ்டெப்பயே தாண்டிப் போயிடும்! இஃப்-தென்-எல்ஸ் ரொம்ப லேட்டா வந்துச்சு, ஆனா பழைய ஜாப் பூரா காண்ட் தான்.

ஓஎஸ்/360 வேலைய நடத்தின ஃப்ரெட் புரூக்ஸே இதவிட மோசமான ப்ரோக்ராமிங் மொழிய யாரும் எங்கயும் செஞ்சதில்லன்னு ஒத்துக்கிட்டாரு. இத ஒரு மொழின்னே அவங்க நெனைக்கல, ஏதோ கொஞ்சம் கன்ட்ரோல் கார்டுன்னு விட்டுட்டாங்க. அதனாலதான் ஒரு காலி ஃபைல் உண்டாக்கணும்னாக்கூட நேரா சொல்ல வழியில்லாம, ஒண்ணுமே செய்யாத ஐஇஎஃப்பிஆர்14னு ஒரு ப்ரோக்ராம ஓட விட்டு, அது சும்மா நிக்கிற சாக்குல டிடி ஸ்டேட்மென்ட்ட (எந்த ஃபைல்னு சொல்ற ஜேசிஎல் வரி) வெச்சு வேலைய முடிக்கிறோம். அந்த சும்மா இருக்கிற ப்ரோக்ராம்லயும் முதல்ல பக் இருந்துச்சு, ரிட்டர்ன் கோட (எப்படி முடிஞ்சுதுன்னு சொல்ற எண்) ஜீரோ பண்ண மறந்துட்டாங்க :)

ஆனா அதே டிடிதான் ஜேசிஎல்லோட தங்கம். கோபோல் (COBOL) மொழில எழுதின ப்ரோக்ராமுக்கு ஒரு பேரு மட்டும் தெரிஞ்சா போதும், அது டேப்பா டிஸ்க்கா, டெஸ்ட் ஃபைலா ப்ரொடக்ஷனான்னு டிடி பாத்துக்கும், ரீகம்பைல் வேண்டாம். அந்த டிடில வர்ற டிஸ்ப் பாராமீட்டர்ல மூணு விஷயம் சொல்லிடலாம், ஃபைல் புதுசா பழசா, ஸ்டெப் நல்லா முடிஞ்சா என்ன பண்ணணும், அபெண்ட் ஆனா (கோளாறாகி பாதில நின்னா) என்ன பண்ணணும். இதே சுத்தத்த ஷெல் ஸ்கிரிப்ட்ல கொண்டுவர ட்ராப் (ஸ்கிரிப்ட் பாதில நின்னா ஓடுற கட்டளை) அது இதுன்னு நாமளே கட்டணும், பாதிப் பேரு கட்டுறதில்ல.

புதுசா எழுதுறவங்களுக்கு ரெண்டே விஷயம். காண்ட தொடாதீங்க, இஃப் போடுங்க. டிஸ்ப்ல மூணாவத காலியா விடாதீங்க, விட்டா ரெண்டாவது என்னவோ அதையே எடுத்துக்கும், கேட்லாக்னு (சிஸ்டத்தோட ஃபைல் பட்டியல்ல பதிவு பண்ணுன்னு) போட்டிருந்தா பாதி எழுதின ஃபைல் அப்படியே கேட்லாக் ஆகி நிக்கும், ராத்திரி ரீரன் விட்டா டூப்ளிகேட்னு விழும்.