மே மாதத் தாய்லாந்து: புக்கெட்டா, கோ சமுய்யா?

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நீண்ட பயணம் என்றால் மே மாதம்தான். அப்படி இரண்டு மே மாதங்களில் தாய்லாந்துக்குப் போனோம். முதலில் புக்கெட், அடுத்த வருடம் கோ சமுய். தென்னை, வெள்ளை மணல், மசாஜ் கடை, ராத்திரி சந்தை எல்லாம் இரண்டு தீவிலும் உண்டு, அதில் பெரிய வித்தியாசம் இல்லை. என் ஓட்டு சமுய்க்கு. காரணம் காற்று.

வரைபடத்தைப் பாருங்கள். புக்கெட் மேற்கே, அந்தமான் கடலில். சமுய் கிழக்கே, தாய்லாந்து வளைகுடாவில். நடுவில் மலைகளோடு நீண்டு கிடக்கிறது நிலம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேரே புக்கெட்டில் வந்து மோதும்; மலையைத் தாண்டி சமுய் பக்கம் போவதற்குள் அதன் வேகம் பாதி அடங்கிவிடும். நம் ஊர்க் கணக்கில் புக்கெட் கேரளா, சமுய் சென்னை. சமுய்க்குப் பெருமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, அதிலும் நவம்பர் ரொம்ப மோசம். அதுவும் சென்னை மாதிரியேதான்!

இது தெரியாமல் புக்கெட்டில் கட்டா கடற்கரை ஓரமாக அறை எடுத்தோம். மழை பெரிய தொல்லை இல்லை. காலையில் ஒரு மணி நேரம் கொட்டும், அப்புறம் வெயில். தொல்லை கடல்தான். கரை முழுக்கச் சிவப்புக் கொடி. முழங்கால் தண்ணீரில் கால் வைத்தாலே காலடி மணலை அரித்துக்கொண்டு உள்ளே இழுக்கிறது. காவலர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். நாலு நாளும் பிள்ளைகள் ஓட்டல் நீச்சல் குளத்தில் கிடந்தார்கள். குளத்தில் குளிக்கவா கடல் தாண்டிப் போனோம்? சிமிலான் தீவுகள் போகலாம் என்றால் அதுவும் மே நடுவில் மூடி அக்டோபர் நடுவில்தான் திறக்கும்.

சமுய்யில் அதே மே கடைசி வாரம், சாவெங் கடற்கரை. கடல் ஏரி மாதிரி கிடந்தது. மதியத்துக்கு மேல் தண்ணீர் வடிந்து, நீந்தும் ஆழத்துக்கு நானே நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது. பெரியவர்களுக்கு எரிச்சல், ஐந்து வயதுப் பையனுக்கு சொர்க்கம். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து சிப்பி பொறுக்கியவனைத் தூக்கிக்கொண்டுதான் அறைக்கு வர வேண்டியிருந்தது. ஒரு நாள் படகில் ஆங் தோங் போனோம். 42 தீவுகள் கொண்ட தேசியப் பூங்கா அது. படிக்கட்டு ஏறினால் பாறை நடுவே பச்சை நிறத்தில் ஓர் உப்புநீர் ஏரி.

சமுய்யின் குறை, போய்ச் சேருவது. விமான நிலையம் தனியார் நிறுவனத்துடையது, டிக்கெட் விலை கையைச் சுடும். நாங்கள் பாங்காக்கிலிருந்து ராத்திரி ரயிலில் சூரத் தானி, அங்கிருந்து பஸ்ஸில் டோன்சாக் துறை, பிறகு கப்பலில் ஒன்றரை மணி நேரம் என்று போனோம். மிச்சமானது பணம், போனது ஒரு நாள். புக்கெட்டிலோ நிலத்திலிருந்து பாலமே இருக்கிறது, விமானமும் ஏராளம்.

சைவர்களுக்கும் புக்கெட் சுலபம். பாத்தோங்கில் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் நிறைய. சமுய்யில் 'ஜே' என்ற சொல்லை வைத்து ஓட்டினோம். மீன் சாறு மட்டுமில்லை, வெங்காயம் பூண்டுகூடச் சேராத சைவம் அது. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தாக இருக்கும்.

புக்கெட்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதற்கு வடக்கே தகுவாபாவில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவையும் சொல்கிறது. நம் வணிகர்கள் காற்றைப் பார்த்துப் பாய் விரித்தவர்கள்; நான்தான் பார்க்கவில்லை.

பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ போகிறவர்கள் இதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் நான் போனதில்லை என்றாலும், காற்றுக் கணக்குப்படி புக்கெட்தான். தீபாவளி விடுமுறைக்கு சமுய் என்று யாராவது மலிவாக அறை காட்டினால் மட்டும், ஏன் மலிவு என்று ஒரு தடவை கேளுங்கள்.