உரக்கடை பில் மென்பொருளும் அதன் நீண்ட லைசென்ஸ் கீயும்

மன்னார்குடியில் நாங்கள் நடத்தும் உரக்கடைக்கும், நீடாமங்கலத்தில் தங்கை கணவர் பார்த்துக்கொள்ளும் கிளைக்கும் சேர்த்துச் சென்ற சம்பாப் பருவத்தில் ஒரு பில் மென்பொருள் வாங்கினோம். பில் போடுவதிலும் மூட்டை இருப்புக் கணக்கிலும் குறையில்லை. என்னை எழுத வைத்தது அதன் லைசென்ஸ் கீ, அதாவது காசு கொடுத்து வாங்கியதுதான் என்று காட்ட நிறுவும்போது தட்ட வேண்டிய எழுத்துக் கோவை.

முன்பிருந்த மென்பொருளின் கீ வெறும் பத்து இலக்க எண். விண்டோஸ் 95 காலத்துப் பழக்கம் அது. அந்த விண்டோஸின் சில்லறை விற்பனைக் கீயில் பின்பகுதியின் ஏழு இலக்கங்களைக் கூட்டினால் 7-ஆல் வகுபட வேண்டும் என்பதே முக்கிய விதியாக இருந்ததால், பத்து இடத்திலும் 1 என்றே தட்டினாலும் ஏற்றுக்கொண்டது. சரிபார்க்கும் விதியே உருவாக்கும் விதியாகவும் இருந்தால், நாலைந்து கீகளை ஒப்பிட்டுப் பார்ப்பவரே புதிதாக ஒன்றைச் செய்துவிடலாம்.

இதில் எட்25519 என்னும் மின்கையொப்ப முறை பயன்படுவதாகக் கையேடு சொல்கிறது. கையொப்பமிடும் இரகசியச் சாவி விற்பவரிடமே தங்கிவிட, சரிபார்க்கும் பொதுச் சாவி மட்டுமே நம் கணினிக்கு வருகிறது. ஆகவே ஐப்பசி மழையில் இணையம் இரண்டு நாள் படுத்துவிட்டாலும் சரிபார்ப்பு நிற்பதில்லை. இரு கடைகளுக்கும் அடுத்தடுத்த வரிசை எண்ணில் வந்த கீகளை அச்சிட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பென்சிலால் கோடிட்டுப் பார்த்தேன். வரிசை எண்ணைத் தாங்கிய முன்பகுதியில் ஓரெழுத்துதான் வேறுபட்டது. கையொப்பப் பகுதியின் 103 எழுத்துகளிலோ நான்கே ஒத்துப்போயின. 32 குறிகளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி எழுதினாலும் ஏறத்தாழ மூன்று ஒத்துப்போகும் என்பதால், பிடித்து இழுக்க அங்கே ஒரு நூல்கூட இல்லை.

இந்த உறுதிக்கு நாம் கொடுக்கும் விலை நீளம். கையொப்பம் 512 பிட் (0 அல்லது 1 என்னும் இலக்கம்), ஓரெழுத்து தாங்குவது 5 பிட்; அதனால்தான் 103 எழுத்து. அதைச் சுருக்க வழியில்லை. நிறுவிய அன்று கிளையில் இணையம் இல்லாததால் தொலைபேசியில் வாசித்தேன். “மச்சான், பாம்பே பி-யா, டெல்லி டி-யா?” என்று அவர் கேட்டுக்கேட்டு அடித்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. பூஜ்ஜியத்தையும் ‘ஓ’வையும் குழப்பாதபடி விலக்கியிருந்தது ஓர் ஆறுதல்.

புதிய கீ உருவாக்குவதைத்தான் கையொப்பம் தடுக்கும். மென்பொருளையே திருத்திச் சரிபார்ப்பைத் தாண்டுபவரை அது தடுக்காது. ஒரே கீயைப் பல கணினிகளில் போடாமலிருக்கவோ என்னவோ, கீயைக் கணினியின் மதர்போர்டோடும் பிணைத்திருக்கிறார்கள். யூரியாவுக்கு வரிசை நின்ற ஒரு காலையில், பழுதான மதர்போர்டை மாற்றியதும் கீ செல்லாது என்றது. மாற்றுக் கீ மறுநாள் மாலைதான் வந்தது. அதுவரை கையால் பில் எழுதினோம்.

ஐந்துக்கு மூன்றரை. வன்பொருள் மாறினால் மூன்று நாள் அவகாசம் தந்திருந்தால் நான்கரை கொடுத்திருப்பேன்.