ஸ்க்ரீமா, கொக்கிக் கொலைகாரனின் படமா?

கெவின் வில்லியம்சன் திரைக்கதை எழுதிய ‘ஸ்க்ரீம்’ (1996), கொக்கியால் கொல்பவனைப் பற்றிய ‘ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்’ (1997) ஆகிய இரண்டு திகில் படங்களில் எது சிறந்தது என்று கேட்டால், பெரும்பாலான ரசிகர்கள் முதல் படத்தையே சொல்கிறார்கள். என் தீர்ப்பும் அதுவே. சுவரொட்டியில் பெரிதாக இடம்பெற்றிருந்த ட்ரூ பேரிமோர், அடுப்பில் பாப்கார்ன் பொரிந்துகொண்டிருக்கையில் தொலைபேசியில் மிரட்டப்பட்டு, தொடக்கக் காட்சியிலேயே கொல்லப்பட்டதால், இனி எந்தப் பாத்திரத்துக்கும் பாதுகாப்பில்லை என்ற அச்சம் அரங்கைப் பற்றிக்கொண்டது. திகில் படங்களின் விதிகளைப் பாத்திரங்களே அறிந்து விவாதித்ததும் பார்வையாளர்களுக்குப் புதுமையாக இருந்தது. அமெரிக்காவில் முதல் வார இறுதியில் சுமார் 63 லட்சம் டாலரே ஈட்டிய அப்படம், பார்த்தவர்கள் பிறரிடம் சொல்லிச் சொல்லியே 10 கோடியைத் தாண்டியது.

இரண்டாவது படத்தில், காரின் பின்பெட்டியில் நண்டுகள் மொய்க்கக் கிடந்த பிணம் சிறிது நேரத்தில் சுவடின்றி மறைவதை எவராலும் நம்ப முடியவில்லை. அந்தக் குறை நியாயமானது. ஆயினும், சாரா மிஷெல் கெல்லர் நடித்த ஹெலன் மீண்டும் மீண்டும் தப்பியோடி, ஜூலை 4 அணிவகுப்பின் கூட்டத்தை எட்டச் சில அடிகளே இருக்கையில் சந்துக்குள் மடியும் அந்த நீண்ட துரத்தலை, ‘ஸ்க்ரீம்’ படத்தின் எந்தத் துரத்தலுக்கும் மேலாக வைப்பவர்கள் உண்டு. அந்த ஒரு காட்சியைப் பொறுத்தவரை நானும் அவர்கள் பக்கமே.