புளிப்பு மிட்டாய், சர்க்கரை இல்லாமல்: 953 வாங்கலாமா, 965 வாங்கலாமா?

சுகர் வந்து நாலு வருஷம் ஆகிறது. காபியில் சர்க்கரையை விட்டதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தாம்பரத்தில் ஏறி பீச் ஸ்டேஷன் வரை வாயில் ஒதுக்கிக்கொள்ள ஆரஞ்சு மிட்டாய் இல்லாததுதான் கஷ்டமாக இருந்தது. அதனால் சர்க்கரை இல்லாத எலுமிச்சை மிட்டாய் ஒரு டப்பா, மாங்காய்ச் சுவையில் ஒரு பாக்கெட் வாங்கி, இரண்டு மாதம் மாற்றி மாற்றிச் சாப்பிட்டேன்.

பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால், சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் இனிப்புப் பொருளின் எண் டப்பாவில் 953, அதாவது ஐசோமால்ட். பாக்கெட்டில் 965, மால்டிட்டால். புளிப்புக்கு இரண்டிலும் அதே 330, சிட்ரிக் அமிலம்தான்.

ருசியில் மாங்காய் இனிப்புக் கட்சி. மால்டிட்டால் கிட்டத்தட்ட சர்க்கரை அளவுக்கே இனிக்கும். ஐசோமால்ட்டின் தித்திப்பு ஏறக்குறைய சர்க்கரையில் பாதி என்பதால் எலுமிச்சையில் புளிப்பு தூக்கலாக நிற்கிறது, கரையவும் நேரமாகிறது. எனக்கு அதுதான் பிடித்தது.

ஆனால் முடிவு செய்தது ருசி இல்லை, சென்னைக் காற்று. ஐப்பசி மழையில் நாலே நாளில் மாங்காய் மிட்டாய் பிசுபிசுத்து, காகிதம் பிரிக்க வராமல் நகத்தால் சுரண்ட வேண்டியதாயிற்று. எலுமிச்சை டப்பாவை ஒரு ராத்திரி மூடாமலே விட்டுவிட்டேன். காலையில் லேசாக ஒட்டியிருந்தது, குலுக்கியதும் பிரிந்துவிட்டது. டப்பாவின் புண்ணியமோ என்று சந்தேகம். காலியானதும் அதே டப்பாவில் மாங்காயைக் காகிதம் உரித்துப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் எல்லாம் ஒரே உருண்டை. ஐசோமால்ட் ஈரத்தை எளிதில் இழுக்காது. விஷயம் அதில்தான் இருக்கிறது. விலை இரட்டிப்பானாலும் தூக்கிப் போடுகிற மிட்டாயைக் கணக்கில் எடுத்தால் எலுமிச்சைதான் லாபம். ஒவ்வொன்றிலும் ஒரு கம்பெனி சரக்கைத்தான் பார்த்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுகர் ஏற்றத்தில் குளுக்கோஸை 100 என்று வைத்தால் சாதாரணச் சர்க்கரை 65, மால்டிட்டால் 35 வாக்கில், ஐசோமால்ட் பத்துக்கும் கீழே. ஆக, ‘சுகர் ஃப்ரீ’ என்று போட்டிருப்பதெல்லாம் ஒன்றில்லை. வீட்டு மீட்டரில் நான் குத்திப் பார்த்தது இரண்டே தடவை. பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதை நம்பி யாரும் எதுவும் செய்ய வேண்டாம்.

வயிற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். மழையில் ரயில் நின்றுபோன ஒரு நாள் ஏழு மிட்டாய் தின்று, கிண்டி தாண்டுவதற்குள் வயிறு கடமுடா என்றது. இப்போது நாளைக்கு மூன்று. சர்க்கரை இல்லாவிட்டாலும் அமிலம் பல் எனாமலைத் தேய்க்கும். தின்றதும் ஒரு வாய் தண்ணீர் கொப்பளித்துவிடுவேன்.

உப்பில் ஊறிய காய்ந்த நெல்லிக்காயை ஏன் சேர்க்கவில்லை என்று என் மனைவி கேட்டாள். மலிவு, புளிப்பும் அசல். ஆனால் எனக்குப் பிரஷரும் இருக்கிறதே.

பையின் உள்ளறையில் பழைய ஆரஞ்சு மிட்டாய் நாலு இன்னமும் இருக்கிறது. மாத்திரை போடுகிறவனுக்கு என்றைக்காவது சுகர் இறங்கிப் படபடவென்று வந்தால் 953 உதவாது, அசல் சர்க்கரைதான் வேண்டும். பேரன் கண்ணில் படாமல் அதைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.