வீட்டுப் பில்களைக் கணக்கிலிருந்து தானாகக் கழியவிடுவது: எது கைகொடுக்கும், எது காலை வாரும்

வங்கிக்குப் போய் “பில் தானாகக் கட்டுப்படுகிற மாதிரிச் செய்து தாங்கோ” என்று கேட்டால், மூன்று ஏற்பாடுகளில் எதுவும் கிடைக்கலாம். ஸ்டாண்டிங் ஓடர் என்பது நீங்கள் எழுதிக்கொடுத்த தொகையை, குறித்த திகதியில் வங்கி அனுப்புவது. அந்த மாதப் பில் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. நேரடிப் பற்றில், பில் தருகிற நிறுவனமே தொகையைச் சொல்லி உங்கள் கணக்கிலிருந்து எடுக்கும். மூன்றாவது கிரெடிட் காட்டில் பதிவது. காட் காலாவதியானால் அந்தப் பதிவும் பெரும்பாலும் சத்தமில்லாமல் செத்துவிடும். எந்த ஏற்பாடு என்று கேட்டறிந்த பிறகே கையெழுத்து வையுங்கள்.

காப்புறுதித் தவணை போன்ற மாறாத தொகைக்கு ஸ்டாண்டிங் ஓடர் போதும். பைபர் இணைப்புக்கும் சரிதான், ஆனால் வரியோ கட்டணமோ கூடினால் வித்தியாசம் நிலுவையாகச் சேர்ந்துகொண்டே போகும்.

கரண்ட் பில்தான் உண்மையான சோதனை. நேரடிப் பற்றின் பெரிய நன்மை, சிவப்பு அறிவித்தலும் இணைப்புத் துண்டிப்பும் மறதியால் வராது என்பது. தனியே இருக்கும் வயதானவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் பில்லைக் கையில் எடுத்துப் பார்க்கும் பழக்கம் போய்விடும், அங்கேதான் நட்டம். கிணற்று மோட்டரின் புட் வால்வு (குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுப்பது) கசிந்தால் தாங்கி நிரம்பக் கூடுதல் நேரம் ஓடும். ஒரு குதிரைவலு மோட்டர் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஓர் அலகு தின்னும். கவுண்டரில் காசு எண்ணிக் கொடுப்பவர் அடுத்த பில்லிலேயே “ஏன் கூடினது?” என்று கேட்பார். தானாகக் கழிந்தால் கேட்க ஆளில்லை.

ஆகவே பில்லில் மூன்றைப் பாருங்கள்: மீற்றர் வாசிப்பு, அலகு, நாட்கள். இலங்கையில் வீட்டு மின்கட்டணத்தில் 30 நாளுக்கு 60 அலகைத் தாண்டினால் வேறு கட்டண வரிசைக்குப் போய்விடுவீர்கள். வாசிப்பு இடைவெளி கூடினால் எல்லையும் அதே வீதத்தில் கூடும். 33 நாள் பில் என்றால் எல்லை 66 அலகு. 66 வந்தால் தப்பினீர்கள், 67 வந்தால் மேல் வரிசை. கேற் பூட்டியிருந்தோ நாய் நின்றோ மீற்றர் பார்க்க முடியாமல் மதிப்பீட்டில் பில் வந்தால், அடுத்த முறை சேர்ந்து வரும். மீற்றர் வாசிப்பைத் தொலைபேசியில் படமெடுத்து வைத்திருந்தால், மின்சார சபையுடன் கதைக்கும்போது அதுதான் சாட்சி. சபையின் தொலைபேசி இலக்கம் 1987.

படிவத்தில் பிழை வரும் இடங்கள் சில. மின்கணக்கு இலக்கம் பத்து இலக்கங்கள். ஒன்று மாறினால் வேறு வீட்டுப் பில் கட்டுப்படலாம். கூட்டுக் கணக்கில் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், ஒருவர் வைத்த படிவம் திரும்பும். உச்சத் தொகை கேட்டால் உங்கள் ஆகப் பெரிய பில்லுக்குக் கிட்ட வையுங்கள். பிழையாகப் பெருத்த பில் அங்கே தடுபடும். ஏற்பாடு நடைமுறைக்கு வந்ததென்று உறுதியாகும் வரை கையால் கட்டுங்கள். இரட்டைக் கட்டணம் ஆகிவிட்டாலும் அது அடுத்த பில்லில் கழியும்.

இதற்கென ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு வைப்பது எங்கள் திடமான சிபாரிசு. ஆகப் பெரிய பில்லின் இரண்டு மடங்கும், வங்கி கேட்கும் குறைந்தபட்ச மீதியும் அதில் எப்போதும் கிடக்க வேண்டும். மீதி போதாவிட்டால் இருக்கிற காசை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. முழுக் கழிவும் தவறி, வங்கி தண்டக் கட்டணமும் போடலாம். சம்பளம் 25ஆம் திகதி வருமென்றால் கழிவு நாளை 28 ஆக வையுங்கள், போயா தினமோ ஞாயிறோ இடையில் வந்தாலும் தாங்கும்.

பிள்ளைகள் கனடாவிலிருந்து கொக்குவில் வீட்டுப் பில்லைப் பார்ப்பதானால், கழிவு அப்பாவின் கணக்கில் நடந்தாலும் மின்பில் பிள்ளையின் மின்னஞ்சலுக்கும் வரட்டும். கணக்கு ஒருவர் பெயரில் மட்டும் இருந்து அவர் காலமானால், வங்கிக்குத் தெரிந்ததும் கணக்கு முடங்கும், அதோடு எல்லாக் கழிவுகளும் நிற்கும். துக்க வீட்டில் இது ஒருவருக்கும் நினைவு வராது. எந்தெந்தப் பில் எந்தக் கணக்கில் போகிறது என்று ஒரு தாளில் எழுதி மீற்றர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

இணைப்பை நிறுத்தினால் ஸ்டாண்டிங் ஓடர் தானாக நிற்காது. கிளைக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அடுத்த கழிவுக்கு ஒரு கிழமைக்கு முன்னரே கொடுத்துவிடுங்கள்.