டிரம்மைக் கழற்றிப் பார்க்காமல் பிரேக்குக்குக் குறை சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்

பழைய அம்பாசடர், பத்மினி, மாருதி 800 வைத்திருப்பவர்கள், அதிலும் மலைச்சாலையில் ஓட்டுபவர்கள், இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். மூன்று வாரங்களுக்கு முன் வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும்போது என் வண்டியில் பிரேக் போய்விட்டது. உள்ளே எழுபத்தொரு வயது அம்மா, மனைவி, தங்கையின் ஆறு வயது மகள். மலைப்பக்கத்து வாய்க்காலில் இறக்கித்தான் வண்டியை நிறுத்தினேன். யாருக்கும் அடியில்லை. அதே பிரேக்கைச் சரிசெய்ய நான்கு நாள் முன்புதான் பொள்ளாச்சியில் ஒரு பட்டறைக்கு 9,600 ரூபாய் கொடுத்திருந்தேன். அதற்கு முந்தைய வாரம் 4,000 ரூபாய்.

வண்டி, அப்பா 1989-ல் வாங்கிய மார்க் 4 அம்பாசடர். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள் ஷூ என்ற வளைந்த கட்டைகள் விரிந்து உரசி நிறுத்தும் வகை. மேற்கு வங்கத்து உத்தரபாரா ஆலையில் தயாரிப்பு நின்று பத்தாண்டுக்கு மேலாகியும் உதிரிப் பாகங்களுக்குப் பெரிய பஞ்சமில்லை. பஞ்சம் வேலை தெரிந்த கைகளுக்குத்தான். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் வயதாகி ஓய்ந்துவிட்டதால் இந்தப் பட்டறைக்குப் போனேன். பெரிய பெயர்ப் பலகை, வாசலில் நான்கைந்து பழைய வண்டிகள். தெரிந்தவர்கள் என்றே நம்பினேன்.

என் குறை சிறியதுதான். பிரேக்கை அழுத்தினால் வண்டி லேசாக இடப்பக்கம் இழுத்தது. வலது பின்சக்கரத்தின் உட்புறத்தில், டயர்வரை, கருப்பாக ஓர் ஈரக்கறை வழிந்திருந்தது. அதைக் குனிந்து காட்டவும் செய்தேன். பட்டறைக்காரர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மிதியை இரண்டு முறை அழுத்தினார். “மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது சார். அதுதான் ஆயில் கசிகிறது” என்றார். ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்றவில்லை.

அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலைக் குழாய் வழியே சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். அது கெட்டால் மிதி இறங்கும். ஆயில் கசிந்தால் அந்தச் சிலிண்டரின் அடியில் கசியும். பின்சக்கரத்தில் வழியும் ஆயிலுக்கு அது காரணமாகவே முடியாது. சக்கரத்தில் ஈரம் தெரிந்தால் இரண்டே சந்தேகம். ஒன்று, டிரம்முக்குள் ஷூவை விரிக்கும் வீல் சிலிண்டரிலிருந்து வரும் பிரேக் ஆயில். மற்றது, பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கியர் ஆயில், சக்கரத்தின் நடுவே ஹப்பில் ஆயிலைத் தடுத்து நிற்கும் சீலைத் தாண்டி வருவது. இரண்டையும் பிரித்தறிய கருவி எதுவும் வேண்டாம். விரலில் தொட்டுத் தேயுங்கள். பிரேக் ஆயில் நீர்த்திருக்கும், தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும், பெயின்ட்டில் பட்டால் பெயின்டை உரித்துவிடும். கியர் ஆயில் தடித்திருக்கும், கந்தக வாடை அடிக்கும், தண்ணீருக்கு அசையாது. அரை நிமிட வேலை. அவர் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

அன்று “புது மாஸ்டர் சிலிண்டர்” என்று 3,200 ரூபாயும் கூலி 800 ரூபாயும் வாங்கினார். கறுப்பு பெயின்டில் பளபளவென்று ஒரு சிலிண்டர் மாட்டியிருந்தது. பழையதைக் கேட்டேன், கழிவுக்குப் போய்விட்டது என்றார். வண்டி அப்படியே இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போனால், இம்முறை நான்கு சக்கரத்துக்கும் புது லைனிங் (ஷூவின்மேல் பதித்த, டிரம்மில் உரசும் பட்டை), எட்டு வீல் சிலிண்டருக்கும் ரப்பர் கிட், டிரம் நான்கும் லேத்தில் கடைசல் என்று பட்டியல் நீண்டது. அன்று மாலை வண்டியை எடுக்கப் போனபோது பட்டறைப் பையன் ஒரு தகரத் தட்டில் டீசல் ஊற்றி, பிரஷ்ஷால் சிறு சிறு பாகங்களைக் கழுவிக்கொண்டிருந்தான். கறுப்பு ரப்பர் வளையங்களும் அதில் மிதந்தன. எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தத் தட்டுதான் என் குடும்பத்தைக் கொன்றிருக்கும்.

பிரேக்குக்குள் இருக்கும் ரப்பர், பிரேக் ஆயிலுக்கென்றே செய்யப்பட்டது. டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில், கிரீஸ் எதுவும் அதன்மேல் படக் கூடாது. பட்டால் ரப்பர் அதை உறிஞ்சி ஊதிவிடும். கழுவுவதானால் புது பிரேக் ஆயிலிலோ, பிரேக்குக்கென விற்கும் கிளீனரிலோதான் கழுவ வேண்டும். இது கைத்தொழிலின் முதல் பாடம். தெரியாதவர் பிரேக்கைத் தொடக் கூடாது. தெரிந்தே செய்தவரை என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நான்காம் நாள் வால்பாறைக்குக் கிளம்பினோம். ஏறும்போதே வண்டி சுணங்கியது, இரண்டாம் கியரிலேயே முக்கி முனகிப் போனது. ஆள் பாரம் என்று நினைத்துக்கொண்டேன். ஊர் போய்ச் சேர்ந்ததும் சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனால் அனல் வீசியது. மலை ஏறி வந்த வண்டிக்கு எதற்குச் சக்கரம் கொதிக்க வேண்டும்? ஏற்றத்தில் யார் பிரேக் பிடிக்கிறார்கள்? அந்தக் கேள்வியை அன்றே கேட்டிருந்தால் அங்கேயே வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறியிருப்பேன்.

மறுநாள் அட்டகட்டி தாண்டி இறங்கினோம். மொத்தம் நாற்பது கொண்டை ஊசி வளைவு. கீழிருந்து எண்ணினால் ஒன்பதாவது வளைவில் அணை தெரியும் காட்சிமுனையில், வரையாடு பார்க்க வேண்டும் என்று குழந்தை கேட்டதால் நிறுத்தினேன். கீழே இறங்கியதும் தீய்ந்த வாடை. பத்து நிமிடம் ஆறட்டும் என்று நின்றோம். அந்தப் பத்து நிமிடம்தான் ஆபத்தை முழுமையாக்கியது என்பது பிறகே புரிந்தது. ஓடும்போது டிரம்மில் படும் காற்று, வண்டி நின்றதும் நின்றுவிடுகிறது. டிரம்மின் சூடு மெதுவாக வீல் சிலிண்டருக்குள் இறங்கி அங்கிருக்கும் ஆயிலைக் கொதிக்க வைக்கிறது. டாட் 3 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையாவது தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய ஆயிலுக்கு அந்த அளவு 140 டிகிரிதான். கொதித்த ஆயில் ஆவிக்குமிழாகிவிட்டால், மிதிக்கும் கால் அந்தக் குமிழைத்தான் நசுக்கும். சக்கரத்துக்கு அழுத்தம் போகாது.

கிளம்பி அடுத்த வளைவுக்கு மிதியை அழுத்தினேன். கால் தரையில் போய் முட்டியது. திரும்பத் திரும்ப அழுத்தியதில் நான்காவது ஐந்தாவது மிதிக்குக் கொஞ்சம் பிடித்தது. கியரை முதலாவதுக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இடது பின்சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு வால் பக்கம் ஒருக்களித்தது. வலது சக்கரம் எதையும் பொருட்படுத்தாமல் உருண்டது. எதிரே பஸ் வரவில்லை. அம்மா என் தோளைப் பற்றிய பிடி இன்னும் தோளில் இருக்கிறது.

எங்கள் பழைய மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். ஓய்ந்துவிட்டவர், மகனை அழைத்துக்கொண்டு பையோடு வந்து சேர்ந்தார். அவர் செய்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன், கவனித்துப் படியுங்கள்.

முதலில் ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினார். அசையவில்லை. சக்கரத்தின் பின்னால் இருக்கும், பிரேக் ஆயிலிலிருந்து காற்றை வெளியேற்றும் நிப்பிளைக் கால் சுற்று திறந்தார். ஆயில் பீய்ச்சி அடித்தது. உடனே சக்கரம் சுழன்றது. “பார்த்தாயா தம்பி, யாரும் மிதிக்காமலே உள்ளே அழுத்தம் நிற்கிறது. ஷூ இறுக்கமாக வைத்ததாலோ, ஹேண்ட் பிரேக் கேபிளாலோ பிடித்திருந்தால் இதைத் திறந்ததும் சக்கரம் விட்டிருக்காது” என்றார். நிப்பிளை மூடி, மிதியை அழுத்தி மறுபடி அழுத்தம் ஏற்றினார். அடுத்த சக்கரத்தில் நிப்பிளைத் தொடவில்லை. நேராக மாஸ்டர் சிலிண்டருக்குப் போய் அங்கே குழாய் சேரும் நட்டைத் தளர்த்தினார். எல்லாச் சக்கரங்களும் விட்டுவிட்டன. ஒரு சக்கரம் மட்டும் விடாமல் நின்றிருந்தால் அந்தச் சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாய், அதாவது ஹோஸ், உள்ளுக்குள் அடைத்திருக்கிறது என்று பொருளாம். எல்லாம் ஒன்றாக விட்டதால் குற்றம் மாஸ்டர் சிலிண்டரில். மிதியை விட்டதும் ஆயில் திரும்பிப் போக அதில் ஒரு சிறு துளை உண்டு. ஊதிய ரப்பர் அந்தத் துளையை மூடிவிட்டது. ஒவ்வொரு மிதிக்கும் அழுத்தம் ஏறுகிறது, இறங்க வழியில்லை. சூடு ஏற ஏறப் பிடி இறுகுகிறது, பிடி இறுக இறுகச் சூடு ஏறுகிறது.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து அவர் வீட்டு வாசலில் எல்லாவற்றையும் கழற்றினோம். மாஸ்டர் சிலிண்டரின் கறுப்பு பெயின்டை உளியால் சுரண்டினார், அடியில் பழைய துரு. அப்பா காலத்துச் சிலிண்டரேதான். அதன் ரப்பரையும், அதே அளவில் கடையில் வாங்கிய புதியதையும் என் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதியதன் விளிம்பு கூர்மையாக, இறுக்கமாக இருந்தது. பழையது தண்ணீரில் ஊறிய கொண்டைக்கடலைபோல் உப்பி, விளிம்பு மழுங்கி, அழுத்தினால் நகம் பதிந்தது. மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாடை.

வலது பின் டிரம்மைக் கழற்றியதும் இன்னொரு மோசடி வெளிப்பட்டது. லைனிங்கின் மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்துப் புதிதுபோல் காட்டியிருந்தார்கள். ரிவெட்டுகள் எல்லாம் பழையவை. கட்டைவிரலால் ரிவெட் குழியருகே அழுத்தினார், கருப்பாகக் கியர் ஆயில் ஊறி வந்தது. ஆயில் குடித்த லைனிங்கை எத்தனை முறை கழுவினாலும் சூடேறியதும் உள்ளிருப்பது வெளியே வரும். மாற்றியே ஆக வேண்டும். ஹேண்ட் பிரேக்கில் வலது சக்கரம் நிற்காததற்கும், முதல் நாளிலிருந்து வண்டி இடப்பக்கம் இழுத்ததற்கும் காரணம் இதுதான். ஆயில் ஏன் வந்தது? ஆக்சில் கூட்டின் மேலே ஒரு மூச்சுத்துளை இருக்கிறது. அது சேறு அடைத்துக் கல்லாகியிருந்தது. உள்ளே சூடாகும் காற்று வெளியேற வழியின்றி ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது. துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, இரு பக்கமும் ஆயில் சீல் மாற்றினால் முடிகிற வேலை. சீல் விலை சில நூறு ரூபாய்.

இன்னொன்று. என் வண்டியில் முன்சக்கரத்துக்கு இரண்டிரண்டு, பின்சக்கரத்துக்கு ஒவ்வொன்று என மொத்தம் ஆறு வீல் சிலிண்டர்தான் உண்டு. எட்டுக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள், ஒன்றுக்கும் புது ரப்பர் போடவில்லை. கடைசல் மட்டும் உண்மை, அதுவும் தேவையற்றது. மிதிக்கும்போது கால் அதிர்ந்தால் டிரம் வட்டம் தவறியிருக்கலாம், அப்போது கடையலாம். என் மிதி அதிரவே இல்லை. ஒவ்வொரு கடைசலிலும் டிரம் மெலிகிறது, மெலிந்த டிரம் சீக்கிரம் சூடேறுகிறது.

டீசல் புகுந்துவிட்டதால் எல்லா ரப்பரும், ஹோஸ்களும், மாஸ்டர் சிலிண்டரும் மாற்றி, குழாய்களைப் புது ஆயில் விட்டுக் கழுவி எடுக்க வேண்டியதாயிற்று. பின் ஷூக்களுக்குப் புது லைனிங். பாகங்களுக்கு மட்டும் 7,850 ரூபாய். பெரியவர் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

உங்கள் வண்டி பட்டறைக்குப் போகும் முன் மிதியைக் காலால் கேளுங்கள். பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று. ஒரு மிதிக்கு ஆழமாகப் போய், அடுத்தடுத்த மிதிக்கு மேலே வந்தால் பெரும்பாலும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம், அட்ஜஸ்ட் செய்தாலே போதும். அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கிக்கொண்டு போனால் கசிவு அல்லது மாஸ்டர் சிலிண்டர். அந்த வண்டியை நகர்த்தவே வேண்டாம். பிரேக் ஆயில் இரண்டு தனித்தனிச் சுற்றாகப் பிரிந்து போகாத பழைய வண்டிகளில் ஒரு சக்கரத்துக் கசிவு நான்கு சக்கரத்துப் பிரேக்கையும் கொண்டுபோய்விடும். ஓட்டி வந்ததும் நான்கு சக்கரத்தருகிலும் கையைக் காட்டிப் பாருங்கள், டிரம்மைத் தொடாதீர்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அது பிடித்துக்கொண்டிருக்கிறது.

பட்டறையில் டிரம்மைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஆனால் காற்றுக்குழாயால் தூசியை ஊத விடாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அந்தத் தூசியைச் சுவாசிப்பது ஆபத்து, ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கையோடு வாங்கி வாருங்கள். புது ரப்பர் கிட் என்றால் அதன் உறையைக் கேளுங்கள். ஜிஎஸ்டி எண் உள்ள பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். எனக்குக் கிடைத்தது கோடு போட்ட வெள்ளைத்தாள்.

அந்தத் தாளோடும் ரப்பர்களோடும் பட்டறைக்குப் போனேன். “முப்பது வருட வண்டியை வைத்துக்கொண்டு மலையேறினால் இப்படித்தான் சார்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. டீசல் தட்டு அதே மேசைமேல் இருந்தது. இன்னொருவரின் பத்மினி தூக்கி நிறுத்தியிருந்தது. அதன் உரிமையாளர் வந்ததும் வாசலில் நிறுத்தி என் கையிலிருந்த ரப்பரைக் காட்டினேன். அவர் வண்டியை அப்படியே கட்டி இழுத்துக்கொண்டு போனார்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். உப்பிய ரப்பரையும் புதியதையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, தேதியிட்ட உறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். பொள்ளாச்சி, உடுமலை பக்கத்தில் யாருக்காவது சமீபத்தில் பிரேக் வேலை பார்த்த பிறகு சக்கரம் சூடேறினால், வண்டியை ஓட்டாமல் முதலில் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். பெரியவர் தானே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.